தையல் கூடையைத் திருப்பிக் கொடுங்கள்

மறதிநோய் உள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லங்களை நடத்துகிறவர்களுக்கும், அங்கே இரவும் பகலும் வேலை செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

என் அம்மா தன் வாழ்க்கையின் கடைசி இரண்டே கால் வருடங்களை உங்களுடையது போன்ற ஓர் இல்லத்தில் கழித்தார். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே அம்மாவை நன்றாகக் குளிப்பாட்டினார்கள், நேரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மனிதரின் உடம்பைக் கவனிப்பது எவ்வளவு கடினமான வேலை என்று எனக்குத் தெரியும். அதற்கு முன் ஐந்து வருடம் வீட்டில் அதைச் செய்தவள் நான். அந்த நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு குறை இருக்கிறது. சேர்த்த முதல் நாளே அம்மாவின் தையல் கூடையை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அந்தக் கூடையைப் பற்றித்தான் இந்த மடல்.

அம்மா யார் என்று சொன்னால்தான் கூடை புரியும்.

அம்மா தையலைத் தொழிலாகச் செய்தவர் இல்லை. ஆனால் அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சட்டை தைப்பார், பின்னுவார், குரோஷா போடுவார், வளையத்தில் துணியை இறுக்கிப் பூவேலை செய்வார். வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப் போட மாட்டார். நிறம் பார்த்துப் பிரித்து வைத்து, போதுமான அளவு சேர்ந்ததும் ஒட்டுப்போட்டு ஒரு போர்வை ஆக்கிவிடுவார். சின்னதாகிப்போன கம்பளிச் சட்டையைப் பிரித்தால் நூல் சுருள் சுருளாக வரும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, அடியில் கனமாக எதையாவது தொங்கவிட்டுக் காயப் போடுவார். இரண்டு நாளில் நூல் நேராகிவிடும். அப்புறம் அது வேறு யாருக்கோ ஒரு தொப்பியாகப் போய்ச் சேரும்.

"வேறு யாருக்கோ" என்பது முக்கியம். அம்மா செய்ததில் பாதிக்கு மேல் வீட்டில் தங்கியதே இல்லை. கொடுப்பதற்கு அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நல்ல சட்டை இல்லை என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். நேராகக் கொண்டுபோய் நீட்டினால் அவன் அம்மா கூசிப்போவாள். அதனால் இப்படிச் சொல்லுவார்: "எங்க அக்கா பேரனுக்குத் தைச்சேன், அளவு தப்பாப் போச்சு. பிரிச்சுத் தைக்க எனக்குப் பொறுமை இல்ல. உன் பையனுக்குச் சரியா இருந்தா போடு, இல்லேன்னா துடைக்கிற துணியா வச்சுக்கோ." அவருடைய அக்காவுக்குப் பேரனே கிடையாது. சட்டை அந்தப் பையனுக்கு அச்சாகப் பொருந்தும். அளவு எப்போது எடுத்தார் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா அவன் தோளில் கை வைத்துத்தான் பேசுவார். பாசம் என்று நினைத்திருந்தேன். அவருடைய சாணும் விரற்கடையும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தன.

பணம் தேவைப்படுகிறவர்களுக்கு வேறு வழி. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, இந்த ஓரத்தை மட்டும் மடிச்சுத் தைச்சுக் குடேன்" என்று ஒரு கட்டுத் துணியைக் கொடுப்பார். தைத்து வந்ததும் கூலி. அப்போது இருட்டில்கூட ஊசியில் நூல் கோக்கும் கண் அவருக்கு.

இப்படிப்பட்டவருக்கு நோய் வந்தபோது அது முதலில் தெரிந்ததும் தையலில்தான். எங்களுக்குத்தான் அது புரியவில்லை. ஒருநாள் ஒரு சட்டை தைத்தார், இரண்டு கைகளுமே இடது கைகள். நான் எடுத்துக் காட்டினேன். ஒரு கணம் முழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "அளவு தப்பாப் போச்சு, யாருக்காவது குடுத்துடலாம்" என்றார். நாங்களும் சிரித்தோம். வாழ்நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய பொய்க்குள் அன்றைக்கு ஓர் உண்மையான பிழை ஒளிந்துகொண்டது. அது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

அதற்குப் பின் குரோஷாவில் எண்ணிக்கை தப்ப ஆரம்பித்தது. ஏழு வரைக்கும் எண்ணுவார், நிற்பார், பிரிப்பார், மறுபடி ஒன்று. ஒரே வட்டத்தை ஒரு மாதம் போட்டார். பிறகு ஒரு மத்தியானம் மிஷின் முன்னால் நூல் நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நூல்கண்டிலிருந்து எடுத்து, இறுக்கும் தட்டுகளுக்கு இடையே விட்டு, மேலும் கீழும் ஆடும் கொக்கியில் மாட்டி, ஊசிக் காதுக்குக் கொண்டுவர வேண்டும். நாற்பது வருடமாக யோசிக்காமல் செய்த வேலை. தட்டு வரைக்கும் வந்துவிட்டார், அதற்கு மேல் எங்கே போவது என்று தெரியவில்லை. "நூல் அறுந்துபோச்சு" என்றார். நூல் அறுந்திருக்கவில்லை.

தமிழில் இதை மறதிநோய் என்கிறோம். எனக்கு அந்தச் சொல் எப்போதும் போதவில்லை. பெயரையும் நாளையும் மறப்பது அதில் ஒரு பகுதிதான். எதற்கு அப்புறம் எது என்ற வரிசை கலைந்துபோவது, தெரிந்த வீட்டுக்குள் வழி தப்புவது, சொல்ல வந்த சொல் நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப்போவது எல்லாமே அதில் உண்டு. மருத்துவர் 30 மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை வைத்தார், கடிகாரம் வரையச் சொன்னார். அம்மா வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களெல்லாம் வலது பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இடது பாதி காலி. அல்சைமர் என்றார்கள். மறதிநோய், அதாவது டிமென்ஷியா உள்ளவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம். அப்போது அம்மாவுக்கு 71 வயது.

வீட்டில் வைத்துப் பார்த்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாதது அதில் ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தவறு. மிஷின் போன பிறகும் அம்மா கையால் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு தலையணை உறைக்கு ஓட்டுத்தையல். கோடு வளைந்து வளைந்து போயிருந்தது, ஒரு தையல் நீளம், ஒன்று குட்டை. அவர் தூங்கின பிறகு நான் அதைப் பிரித்து நேராகத் தைத்து, அதே இடத்தில் வைத்தேன். உதவி செய்வதாக நினைத்தேன். காலையில் அம்மா உறையை எடுத்து அந்தத் தையல் மேல் விரலை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார். "இது நான் போட்டதில்ல" என்றார். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். அந்த உறையை அதன்பின் அவர் தொடவே இல்லை. நான் இன்னார் என்பது அவருக்கு நிச்சயம் இல்லாத நாட்கள் அவை. என்னை அவர் தங்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இது எப்படிச் சாத்தியம் என்று நான் தேடிப் படித்தேன். நேற்று நடந்ததைப் பதிய வைப்பதில் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அல்சைமர் ஆரம்பத்திலேயே கை வைப்பது அந்தப் பகுதியிலும் அதை ஒட்டிய இடத்திலும்தான். கை பழகிய வேலைகள் வேறு வழியில் பதிகின்றன. மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியாவும் பின்னால் இருக்கும் சிறுமூளையும் அதில் பங்கெடுக்கின்றன. இந்த வேறுபாட்டை உலகத்துக்குக் காட்டியவர் மறதிநோயாளிகூட இல்லை. வலிப்பை நிறுத்துவதற்காக 1953இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்ற இளைஞர். இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் ஒரு பெரிய பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக நடந்தது ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு கோட்டுக்குள்ளேயே வரையச் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் அவர் கை தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை நான் இதற்கு முன் செய்ததே இல்லை என்றுதான் அவர் நினைத்தார்.

அல்சைமரில் கைப்பழக்கம் கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவின் மிஷின் கதையை இப்போதுதான் சொன்னேன். பல படிகள் உள்ள வேலை முதலில் உடையும், சின்ன அசைவுகள் அதற்குப் பிறகும் நிற்கும். சட்டை போய்விட்டது, ஓட்டுத்தையல் இருந்தது. அதுவும் போன பிறகு நூலைப் பிரிக்கவும் சுற்றவும் முடிந்தது. ஒரு வேலை போனால் அதற்குக் கீழே இன்னொன்று மிச்சம் இருந்தது. அதைத் தேடிப் பார்க்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் இல்லத்துக்கு வருகிறேன்.

கூடையை ஏன் பூட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். ஊசி, குண்டூசி, கத்தரிக்கோல். ஒருவர் வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆவது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைக் குத்திவிட்டால் யார் பதில் சொல்வது. அந்தப் பயம் நியாயமானது. மேற்பார்வையாளர் என்னிடம் அதைப் பொறுமையாகவே விளக்கினார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் கூடையில் ஊசி மட்டுமா இருந்தது? நூல்கண்டுகள், துணித் துண்டுகள், பெரிய மரப் பித்தான்கள், பாதி போட்ட குரோஷா எல்லாமே உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டன.

இரண்டாவது மாதத்திலிருந்து அம்மாவின் குறிப்பேட்டில் ஒரு வரி வர ஆரம்பித்தது: "மாலையில் ஆடையைக் கிழிக்கிறார்." மாலை நேரத்தில் மறதிநோய் உள்ளவர்களுக்குக் குழப்பமும் படபடப்பும் கூடும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவும் நான்கு மணிக்கு மேல் நிலைகொள்ளாமல் நடப்பார். ஆனால் "கிழிக்கிறார்" என்ற சொல் எனக்கு உறுத்தியது. என் அம்மா ஒரு துணியைக் கிழித்து நான் பார்த்ததில்லை. அவர் போட்டிருந்த ஆடையை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். துணி ஓரிடத்தில்கூடக் கிழிந்திருக்கவில்லை. கீழ் மடிப்பின் தையல் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு, நகத்தால் நெம்பி நெம்பி, நூல் அறாமல் எடுக்கப்பட்டிருந்தது. தலையணைக்குக் கீழே தேடினேன். அந்த நூல் ஒரு பட்டாணி அளவுக்கு உருண்டையாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

அம்மா கிழிக்கவில்லை, பிரித்துக்கொண்டிருந்தார். நூல் வீணாகக் கூடாது என்று சுற்றியும் வைத்திருந்தார். இதற்கு முன் எத்தனை உருண்டைகள் குப்பையாகப் பெருக்கப்பட்டனவோ.

அந்த ஒரு வரியை வைத்து அம்மாவுக்கு மாலையில் ஒரு மாத்திரை தொடங்கியிருந்தார்கள், மனநோய்க்குக் கொடுக்கும் வகையைச் சேர்ந்தது. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் கடுமையான எச்சரிக்கை விட்டது. 2008இல் அந்த எச்சரிக்கையைப் பழைய வகை மருந்துகளுக்கும் விரித்தது. சில நோயாளிகளுக்கு, சில நேரங்களில் இவை தேவைப்படலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தையல் பிரிப்பதற்கு மருந்தா? மருத்துவரிடம் அந்த நூல் உருண்டையைக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், 1901இல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் ஆகுஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார், அந்தப் பெண் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்தார். அந்தக் கோப்பு 1995இல் திரும்பக் கிடைத்தது. "நான் என்னைத் தொலைத்துவிட்டேன்" என்று அந்தப் பெண் சொன்னது அதனால்தான் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. இந்த நோய்க்கென்று மருந்து எதுவும் இல்லாத காலம் அது. அந்த மருத்துவரால் முடிந்தது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது. உங்கள் குறிப்பேடுகளிடமும் நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கும் பங்கு உண்டு. அம்மா இல்லத்தில் தன் பொருட்களை எடுத்து எடுத்துக் கொடுப்பார். சால்வையைப் பக்கத்துக் கட்டில்காரருக்குப் போர்த்திவிடுவார். சீப்பை, கைக்குட்டையை யார் கையிலாவது திணிப்பார். ஒருமுறை நான் போனபோது அவருடைய இரண்டு சால்வைகளும் இல்லை. நான்தான் அலுவலக அறைக்குப் போய்ப் புகார் கொடுத்தேன், கொஞ்சம் சத்தமாகவே. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் அழியாத மையில் அம்மாவின் பெயர் எழுதப்பட்டது. அவர் யாருக்காவது எதையாவது கொடுத்தால் உடனே வாங்கி, "இது உங்களுது, குடுக்கக் கூடாது" என்று திரும்ப அவர் மடியில் வைத்தார்கள். ஒருநாள் இது என் கண் முன்னாலேயே நடந்தது. அம்மா மடியில் கிடந்த சால்வையைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் அதற்கு அடியில் விட்டு மறைத்துக்கொண்டார். தப்பு செய்துவிட்ட குழந்தை கையை ஒளிப்பது போல இருந்தது. எழுபத்தாறு வருடங்களில் அவர் யார் முன்னாலும் அப்படிக் கையை ஒளித்ததில்லை.

பிராட்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த டாம் கிட்வுட் என்பவர், மறதிநோய் உள்ளவர்களுக்கு என்னென்ன தேவை என்று ஐந்தைச் சொன்னார்: ஆறுதல், பற்றுதல், சேர்த்துக்கொள்ளப்படுதல், செய்வதற்கு ஏதாவது ஒன்று, தான் யார் என்ற அடையாளம். ஐந்துக்கும் நடுவில் அன்பு. உங்களில் பயிற்சி எடுத்தவர்களுக்கு இது பாடத்தில் வந்திருக்கும். என் அம்மாவுக்கு நான்காவதும் ஐந்தாவதும் ஒரே கூடையில் இருந்தன. முதல் மூன்றையும்கூட அவர் கொடுத்துத்தான் பெற்றுக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் கொடுத்த ஒருவரை வாங்கிக்கொள்ள மட்டும் விட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? ஊட்டுகிறோம், உடுத்திவிடுகிறோம், துடைத்துவிடுகிறோம். எல்லாம் அவரை நோக்கியே வருகிறது. அவரிடமிருந்து எதுவும் போவதில்லை.

பதினோரு மாதம் கழித்து இரவுப் பணிக்கு ஒரு பெண் புதிதாக வந்தார். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு மாலை நான் கிளம்பும் நேரத்தில் அவர் ஒரு சிக்கலான கம்பளி நூலை அம்மாவிடம் கொண்டுவந்தார். "பாட்டி, இதைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா? ரொம்ப நேரமாப் பாக்கறேன், எனக்கு வரமாட்டேங்குது." அம்மா நடப்பதை நிறுத்தினார். உட்கார்ந்தார். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "இழுக்காத, இழுத்தா இறுகிடும்" என்றார். பல வாரங்களாக அம்மா ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த முடிச்சுகளோடு இருந்தார். பிறகு அந்தப் பெண் இரண்டு கைகளையும் நீட்ட, அதில் நூலை மாட்டி, அம்மா உருண்டையாகச் சுற்றினார். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினார் என்று மறுநாள் சொன்னார்கள்.

அந்த நூலை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவருடைய பழைய மப்ளர். பிரித்து, அவரே பேருந்தில் வரும்போது உட்கார்ந்து சிக்கலாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். "சும்மா குடுத்தா வாங்க மாட்டாங்கன்னு தோணிச்சு, அதான்" என்றார். கண்ணு தெரியல, தைச்சுக் குடேன் என்று அம்மா கொடுத்த துணிக்கட்டுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. அந்தக் கதை எதுவும் இவருக்குத் தெரியாது. நானும் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் மாலை நேரங்கள் மாறின. எல்லா நாளும் நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். சில நாள் நூலைத் தட்டிவிடுவார், அழுவார், என்னைக் கிள்ளுவார். சிறுநீர்த் தொற்று வந்த வாரம் எதுவுமே எடுபடவில்லை. ஆனால் குறிப்பேட்டில் "ஆடையைக் கிழிக்கிறார்" என்ற வரி அபூர்வமாகிப்போனது. குரோஷா ஊசிக்கு முனை கூர்மை இல்லை என்று மேற்பார்வையாளரிடம் பேசி, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும் என்று அனுமதி வாங்கினார் அந்தப் பெண். அம்மா சங்கிலி மட்டும் போடுவார். வெறும் சங்கிலி, நீளமாக, எங்கே முடிப்பது என்று தெரியாமல். ஒருநாள் அந்தச் சங்கிலியை ஊசியோடு சேர்த்துச் சுருட்டி அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். கொஞ்ச நேரம் சொல்லைத் தேடினார். பிறகு சொன்னார், "அளவு தப்பாப் போச்சு. நீ வச்சுக்கோ."

அந்தப் பெண் அதை வாங்கிக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். அன்றைய வேலை முடியும் வரைக்கும் கழற்றவில்லை. வாங்கிக்கொள்வதில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது உங்களிடம் கேட்க நினைப்பதைக் கேட்டுவிடுகிறேன்.

சேர்க்கும்போது நீங்கள் கொடுத்த படிவம் நான்கு பக்கம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒவ்வாமை, விழுந்திருக்கிறாரா, டயப்பர் தேவையா, எல்லாம் இருந்தது. அவர் கைகள் என்ன வேலை செய்து பழகியவை என்று ஒரு வரி இல்லை. யாருக்காவது எதையாவது கொடுக்கும் பழக்கம் உண்டா என்று கேட்கவில்லை. தயவுசெய்து கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள், ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 1 கோடி பேர் புதிதாகச் சேர்கிறார்கள். இவர்களில் மரவேலை செய்தவர் இருப்பார், கணக்கு எழுதியவர் இருப்பார், மண் கொத்தியவர், மாவு பிசைந்தவர், பாடம் நடத்தியவர் இருப்பார். மேசை விளிம்பைத் திரும்பத் திரும்பத் தடவுகிறவர் ஒருவேளை இழைத்த பலகையைச் சோதிக்கிறாரோ என்னவோ. படிவத்தில் அந்த ஒரு வரி இருந்தால் அவரைப் பார்க்கும் பார்வையே மாறும்.

கூர்மையான ஊசியைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கம்பளி நூல் கோக்கும் ஊசி பெரிய காதும் மழுங்கிய முனையுமாகக் கிடைக்கிறது. ஓட்டை போட்ட கெட்டி அட்டையில் அதை வைத்துத் தைக்கலாம். கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, வாங்கும்போது எண்ணி வாங்கினால் போதும். எதையும் வாயில் போடும் நிலைக்கு வந்துவிட்டவருக்கு உதிரிப் பித்தான் வேண்டாம். ஒரு துணியில் பித்தான், ஜிப், நாடா எல்லாவற்றையும் இறுகத் தைத்துக் கையில் கொடுக்கலாம், விரல்களுக்கு வேலை கிடைக்கும். அதுவும் முடியாதவருக்கு மென்மையான நூலுருண்டையைப் பிடித்துக்கொண்டிருப்பதே போதுமானதாக இருக்கலாம். கடைசி மாதத்தில் அம்மா அதைத்தான் செய்தார். கோணலாகத் தைத்தால் கோணலாகவே இருக்கட்டும், என்னைப் போல ராத்திரியில் பிரித்துவிடாதீர்கள்.

கொடுப்பதைத் தடுக்காதீர்கள். குடும்பத்தார் புகார் கொடுப்பார்கள் என்பது உண்மை, நானே கொடுத்தேன். அதற்கு ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது. சேர்க்கும்போதே குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள்: "இவருக்குக் கொடுக்கும் பழக்கம் இருந்தால், கொடுப்பதற்கென்று சில பொருட்களைத் தனியாகக் கொண்டுவந்து வையுங்கள், அவை திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்." யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் நான் மாதம் பத்து கைக்குட்டை வாங்கிக் கொடுத்திருப்பேன். அவர் நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி சொல்லுங்கள்.

வேலை செய்கிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஒருவர் பத்துப் பேரைப் பார்த்துக்கொண்டு ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் நிர்வாகத்துக்கு எழுதுகிறேன். அந்த இளம்பெண் தன் சொந்த மப்ளரைப் பிரித்து, பேருந்தில் தன் நேரத்தில் சிக்கலாக்கிக் கொண்டுவர வேண்டி வந்தது. நூலுக்கு இல்லம் பணம் ஒதுக்கியிருக்கலாம். மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை கூடுதலாக ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருக்கலாம். ஒன்றும் பெரிய செலவு இல்லை.

அம்மா நிமோனியாவில் இறந்தார், 78 வயதில். பொருட்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். தையல் கூடையும் அதில் இருந்தது, பூட்டி வைத்தபோது இருந்தது போலவே. திறந்தபோது அடியில் ஒரு சின்னச் சட்டை, மூன்று வயதுப் பிள்ளைக்கானது. ஒரு கை மட்டும் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. யாருக்கு என்று தெரியவில்லை. தெரிந்த வீடுகளில் விசாரித்தேன், அந்த வயதில் யாரும் இல்லை. அப்படி விசாரிக்கப் போனபோதுதான் முன்பு பக்கத்து வீட்டில் இருந்த அந்தப் பையனின் அம்மா சொன்னார், "அளவு தப்புன்னு அவங்க குடுத்தது எட்டுச் சட்டை. எட்டும் அவனுக்கு அச்சா இருந்துச்சு. எனக்கு மொதல் சட்டையிலயே தெரியும்."

கூடையை நான் அந்த இரவுப் பணிப்பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவர் இப்போது வேறோர் இல்லத்தில் வேலை செய்கிறார். கத்தரிக்கோலையும் கூர் ஊசிகளையும் எடுத்துவிட்டு, மழுங்கிய ஊசி பத்து போட்டிருக்கிறேன், எண்ணிக்கை மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கிறது. பெரிய மரப் பித்தான்கள் ஒரு துணியில் கெட்டியாகத் தைத்து இருக்கின்றன. நூல் ஏழு நிறம், அதில் இரண்டு கண்டை வேண்டுமென்றே கொஞ்சம் சிக்கலாக்கி வைத்திருக்கிறேன். அந்த ஒற்றைக் கைச் சட்டையும் உள்ளேதான் இருக்கிறது. யாராவது எடுத்து இன்னொரு கை வைத்தாலும் சரி, தையலைப் பிரித்து நூலைச் சுற்றி வைத்தாலும் சரி.

அன்புடன்,
உங்கள் இல்லம் ஒன்றில் இருந்த ஒருவரின் மகள்